மனத்தாளுக்கு முத்திரை

தராசு ரொம்பச் சரியாக இருந்தால் ஜெசிந்தாவுக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்ததில் வந்த கோளாறு அது. மீன் நிறுக்கிற தராசு ஐந்து கிராம் முன்னே பின்னே காட்டினால் ஒன்றும் சொல்ல மாட்டாள். துளி பிசகாமல் காட்டினால் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்க, தட்டக் கொஞ்சம் தூக்குங்க" என்பாள். தட்டுக்கு அடியில் ஏதாவது ஒட்டியிருக்கும்.

முன்பெல்லாம் அவளுடைய துறை தராசுக்கும் எடைக்கல்லுக்கும் பெட்ரோல் பம்புக்கும்தான் முத்திரை போட்டது. பிறகு புதுச் சட்டம் வந்தது. ஒரு மனிதனை வேலையில் வைப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்பதை ஒரு கேள்வித்தாள் தீர்மானிக்கிறது என்றால், அந்தத் தாளும் அளவைக் கருவிதான், அதற்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முத்திரை வேண்டும் என்றது சட்டம். ஜெசிந்தாவும் ஆறு மாதம் பயிற்சிக்குப் போய்வந்தாள். "கருவாட்டுக்கும் கவலைக்கும் ஒரே ஆபீஸ்" என்று தூத்துக்குடியில் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் திங்கட்கிழமையானால் வேலைக்குப் போகுமுன் ஏதாவது ஒரு தாளை நிரப்பிவிட்டுத்தான் போனார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் மிதவைக்கு வந்திருந்தாள். கரையிலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் மிதக்கிற ஆலை அது. காற்றாலை மின்சாரத்தில் கடல்நீரைப் பிளந்து எரிவாயு எடுக்கிறார்கள். நான்கு மாதம் மிதவையில், ஒரு மாதம் வீட்டில் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர், உள்ளே தீப்பிடிக்கிற வாயு. மனம் உடைந்த ஒரு ஆள் போதும், எல்லோருக்கும் ஆபத்து. அதனால் வாராவாரம் மனத்தாள். பன்னிரண்டு கேள்விகள். "இந்த வாரம் அழவேண்டும் போலிருந்ததா?", "தூக்கம் கெட்டதா?" என்கிற மாதிரி. ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம், சில நாள் என்றால் ஒன்று, பல நாள் இரண்டு, எந்நேரமும் மூன்று. கூட்டுத்தொகை பத்தொன்பதைத் தொட்டால் மணி அடிக்கும், ஆளை அன்றைக்கே படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிடுவார்கள்.

நலன் அலுவலர் கோமதிநாயகம் ஆய்வறிக்கையை இரண்டு கையாலும் நீட்டினார். ஐம்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, பேசும்போது அடிக்கடி கழுத்தைத் துடைத்துக்கொள்கிற பழக்கம்.

"நம்ம தாள் இந்தியாவிலயே முதல் தரம் மேடம். மறுசோதனை ஒப்புமை நூத்துக்கு தொண்ணூத்தொம்பது" என்றார்.

"அப்படின்னா?"

ஜெசிந்தாவுக்குத் தெரியாமல் இல்லை. அவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்கத்தான் கேட்டாள்.

"ஒரு ஆள இன்னைக்கு கேக்கோம். ரெண்டு வாரம் கழிச்சு அதே தாளக் கொடுத்து மறுபடியும் கேக்கோம். நடுவுல ஒண்ணும் நடக்கலைன்னா பதில் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். இருந்தா தாள் நல்ல தாள். தராசுல ஒரே கல்ல ரெண்டு தடவ வச்சுப் பாக்க மாதிரி."

"கல்லுக்குத் தொண்ணூத்தொம்பது வரும் சார். மனுசனுக்கு எம்பது வந்தாலே கோயிலுக்குப் போயி தேங்கா உடைக்கணும்."

கோமதிநாயகம் சிரித்தார். கூடவே கழுத்தையும் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தாவுக்கு அது போதுமாக இருந்தது. இந்த ஆள் எதையோ தட்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

அவளுக்கு இதில் சொந்தக் கணக்கும் ஒன்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு மிதவைக்கு நாற்பதே நிமிடத்தில் முத்திரை போட்டுவிட்டு மதியப் படகைப் பிடித்தவள் அவள். அங்கே டேனியல் கிங்ஸ்லி என்று இருபத்தாறு வயசு ஃபிட்டர். வாராவாரம் அவன் எண் இரண்டு. நாற்பது வாரம் இரண்டு. நாற்பத்தோராவது வாரம் அவன் இல்லை. விசாரணையில் தாளை எடுத்துப் பார்த்தார்கள். மூலையில் ஜெசிந்தாவின் முத்திரை எண் தெளிவாக இருந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள்தான் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இன்னொரு கிங்ஸ்லி இருந்தால் இந்தத் தாள் காட்டிக்கொடுக்குமா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும். தெரியாமல் படகேறுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். படகு மாலை நான்கு மணிக்கு.

ஒன்பது மணிக்கு உணவுக்கூட வாசலில் வரிசை நின்றது. சுவரில் ஆறு தொடுதிரைகள். ஒவ்வொருவரும் கட்டைவிரலை வைத்தார்கள், டக்டக்கென்று பன்னிரண்டு தட்டு தட்டினார்கள், உள்ளே போய்ப் பொங்கல் தட்டை எடுத்தார்கள். ஜெசிந்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு ஆளுக்குப் பதினைந்து விநாடி. ஆசிரியரிடம் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைக்குக்கூட அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

"சார், இந்த வரிசை போனப்புறம் எல்லாரையும் இன்னொரு தடவை தட்டச் சொல்லுங்க. சோதனைத் தாள். சட்டத்துல இருக்கு" என்றாள்.

"சொல்லிருதேன் மேடம்."

"கேள்விகளோட வரிசைய மட்டும் நான் மாத்திருதேன்."

கோமதிநாயகத்தின் கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. ஜெசிந்தா தன்னிடமிருந்த ஆய்வாளர் சாவியைப் போட்டு ஒரு நிமிடத்தில் கேள்விகளைக் கலைத்தாள். கேள்விகள் அதே பன்னிரண்டுதான், இடம்தான் வேறு.

பதினோரு மணிக்குச் சோதனைத் தாள்கள் வந்து சேர்ந்தன. துறையின் வழக்கப்படி பத்துத் தாளை உருவினாள். சந்தையில் நூறு எடைக்கல் இருந்தால் பத்தைத்தான் நிறுத்துப் பார்ப்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று வளர்ந்தவர்கள், பத்துச் சோறு பார்ப்பதே தாராளம் என்று நினைப்பவர்கள்.

பத்தும் ஒரே கதையைச் சொல்லின. கேள்வி இடம் மாறியிருந்தது. பதில் இடம் மாறவில்லை. பழைய தாளில் ஐந்தாவது கேள்வி தூக்கத்தைப் பற்றியது. இரவுப்பணி ஆட்கள், தூக்கம் கெடாமல் இருக்குமா, பத்துப் பேரும் அதில் இரண்டு போட்டிருந்தார்கள். கலைத்த தாளில் ஐந்தாவது இடத்தில் "சாப்பாடு வெறுத்ததா?" என்று இருந்தது. பத்துப் பேரும் பல நாள் வெறுத்தது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மூன்றாம் தடவை பொங்கல் வாங்கியிருந்தார்கள். தூக்கம் முதல் இடத்துக்கு வந்திருந்தது. கண் சிவந்து நின்ற பத்துப் பேரும் தூக்கம் ஒருபோதும் கெடவில்லை என்றிருந்தார்கள்.

ஒருவரும் கேள்வியைப் படிக்கவே இல்லை.

ஜெசிந்தா எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த தலைக்கவசங்களில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கறுப்புப் பேனாவில் பன்னிரண்டு இலக்கம் எழுதியிருந்தது. அடுத்ததிலும் இருந்தது. காலையில் வரும்போது கண்ணில் பட்டதுதான், ஊழியர் எண் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சார் சொல்லிக் கொடுத்தது?" என்று கோமதிநாயகத்தின் மேசைமேல் கவசத்தை வைத்தாள். "கம்பெனியா, நீங்களா?"

"நான் சொல்லிக் கொடுக்கல மேடம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆனா எனக்குத் தெரியும். மூணு வருசமா தெரியும்."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார். வில்சன் என்று ஒரு வெல்டர் இருந்தாராம். எப்போதும் மூன்று, நான்கு என்று வருகிற ஆள். அம்மா செத்துப்போனபோது பதினைந்து வந்தது. மனுசன் உள்ளதைச் சொன்னார். இரண்டு மாதத்தில் மனசு தேறி மறுபடி நான்கு என்று சொன்னார். அதுவும் உள்ளதுதான்.

"தாள் ஆளுக்கு ஆள் இன்னொரு எண்ணும் போடுது மேடம். உறுதி எண்ணுன்னு பேரு. தன்னப் பத்தித் தானே சொல்லுதது எவ்வளவு நிலையா இருக்குன்னு அளக்குது. போன வாரத்த விட அஞ்சுக்கு மேல ஏறுனாலும் மணி, எறங்குனாலும் மணி. வில்சன 'நம்பத்தகாதவர்'னு போட்டுட்டு. அதோட போச்சு. எந்தக் கடல்லயும் அவர எடுக்கல. இப்ப புதுக்கோட்டை ரோட்டுல ஷேர் ஆட்டோ ஓட்டுதாரு."

"கொஞ்சங்கொஞ்சமா எறக்குனா?"

"அதுக்கு 'பாசாங்கு'ன்னு தனிக் கட்டம் வச்சிருக்கான். அன்னையில இருந்து எல்லாரும் மொத வாரம் சொன்னதப் பிடிச்சுக்கிட்டாவ. கோர்ட்டுல சாட்சி மாத்திச் சொன்னா கேஸ் நிக்குமா? அந்தப் பயம்தான் மேடம். தாள் ரெண்டாந்தடவ கேக்குதது பொய்யக் கண்டுபிடிக்கத்தான்னு நெனச்சுட்டாவ."

"நீங்க ஏன் எழுதல?"

"எழுதுனா முத்திரை போயிரும். முத்திரை இல்லாத தாள வச்சு ஆள் வைக்கக் கூடாது. அன்னைக்கே இருநூத்திப் பன்னெண்டு பேரும் கரைக்குப் போணும். திரும்ப எத்தன பேர எடுப்பான்னு யாருக்குத் தெரியும்? என் தங்கச்சி மாப்பிள்ளையும் இதுல உண்டு" என்றார்.

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. திருடனைத் தேடி வந்தாள், பயந்தவர்கள்தான் இருந்தார்கள். பயந்தவர்களைப் பிடித்து என்ன செய்வது? அதற்காக முத்திரை போட்டுவிட்டுப் போகவும் முடியாது. முள் அசையாத தராசு ஒருவன் மூழ்கினாலும் அசையாது.

கோமதிநாயகம் போனபிறகு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் டீயோடு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு, உப்பு பூத்த காலணி. கடல்நீர் வடிகட்டுகிற சவ்வுகளைக் கழுவுகிற பிரிவில் வேலை, பெயர் சண்முகக்கனி என்றாள்.

"எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டீயளாமே" என்றாள் டீயை வைத்துக்கொண்டே. "உணவுக்கூடத்துல அதாம் பேச்சு. எங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பப் போறீயளாக்கா?"

"இன்னும் முடிவு பண்ணல. உன் எண்ணு எவ்வளவு?"

"பதினேழு." கனி சிரித்தாள். நல்ல சிரிப்பு, கன்னத்தில் குழி விழுந்தது. "எங்க வீட்டுக்காரரு போயி பதினோரு நாள்ல இங்க வந்தேன். மொத திங்கக்கிழம உள்ளத உள்ளபடி தட்டிட்டேன். பதினேழு. பெறகு வில்சன் அண்ணன் கதையாயிட்டு. கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது. மனசு தேறி ரெண்டு வருசமாச்சு, இன்னும் துக்கம் கொண்டாடிக்கிட்டுக் கெடக்கேன். கேமரா முன்னால சிரிக்கவே யோசனையா இருக்குக்கா."

ஜெசிந்தாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடமாக அரசாங்க முத்திரையோடு துக்கம் காக்கிற பொம்பளை. அறிக்கையில் இதைவிட நல்ல உதாரணம் எழுத முடியாது என்று நினைத்தாள்.

"பதினேழுக்கு யாரும் வந்து என்ன ஏதுன்னு கேக்கலையா?"

"நலன் சாரு ஒரு தடவ கேட்டாரு. பெறகு, உனக்கு அதுதான் இயல்பு போல, மாறாம இருக்கே, நல்லதுன்னுட்டாரு. போன பொங்கலுக்கு 'நிலையான ஊழியர்'னு ஒரு எவர்சில்வர் வாளி கொடுத்தாவ." கனி முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "உங்க ஆபீஸ்லயும் இந்தத் தாள் உண்டாமே. உங்க நம்பர் என்னக்கா?"

"பூஜ்யம் ஒண்ணு பூஜ்யம் பூஜ்யம் ஒண்ணு பூஜ்யம் பூஜ்யம் ரெண்டு பூஜ்யம் பூஜ்யம் ஒண்ணு பூஜ்யம்" என்றாள் ஜெசிந்தா, மூச்சுவிடாமல். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டேனியல் கிங்ஸ்லிக்குப் பிறகு அப்படிச் சிரித்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

சிரிப்பு அடங்கியதும் கனி குரலைத் தாழ்த்தினாள். "ஒரு விசயம் சொல்லுதேன்க்கா, தாள்ல ஏத்திராதீய. எங்க எல்லாரையும் விடுங்க. ஒருத்தரத்தான் எனக்குப் பயமா இருக்கு. கிரேன் ஓட்டுத இசக்கிதுரை அண்ணன். அவரு நம்பர் ஒண்ணு. ஒரு மாசமா ஆளு சரியில்ல. சாப்பாட்டப் பாதியில வச்சிட்டு எந்திச்சிருதாரு. தூங்க மாட்டுக்காரு. எப்பப் பாத்தாலும் கைப்பிடிக் கம்பி ஓரமாவே நிக்காரு. கேட்டா ஒண்ணுமில்லங்காரு. எப்படியாது அவர இன்னைக்கு உங்ககூடக் கரைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. மணி அடிச்சுப் போனா அவரு பொழப்பு போயிரும். உங்களால முடியும்லா?"

ஒன்று என்கிற எண், மாறாத எண், கைப்பிடிக் கம்பி. இதற்காகத்தானே ஜெசிந்தா வந்தாள்.

அவளால் முடியும். சந்தேகப்பட்ட தராசை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனால் முப்பது நாள் அவகாசம். அதுவரை பழைய முத்திரை செல்லும், ஒருவர் வேலையும் போகாது. எடுத்துப்போகும் கருவியோடு இடத்தைச் சேர்ந்த சாட்சி ஒருவர் ஆய்வகம் வரை வரவேண்டும் என்று விதி இருக்கிறது. யாரைச் சாட்சியாக்குவது என்பது ஆய்வாளர் விருப்பம். அவள் கைப்பற்றுதல் மகஜர் எழுதினாள். ஒரு தொடுதிரையைக் கழற்றி அரக்கு வைத்தாள். சாட்சி: சு. இசக்கிதுரை, கிரேன் இயக்குநர்.

கோமதிநாயகம் மகஜரை இரண்டு தடவை படித்தார். முப்பது நாள் என்ற இடத்துக்கு வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். காலையில் அவரைச் சந்தேகப்பட்டதற்காக ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இசக்கிதுரை வருவதற்கு லேசில் சம்மதிக்கவில்லை. நாற்பது வயது, உழைத்து இறுகிய தோள், கண்ணுக்குக் கீழே கரு வளையம். "வேற யாரையாது போடுங்க மேடம், எனக்கு இங்க சோலி கெடக்கு" என்று மூன்று தடவை சொன்னார். கனி வந்து, "போயிட்டு வாங்கண்ணே, ரெண்டு நாள்தான். நான் நல்லா இருக்கேன்லா, நீங்க பேசாம போங்க" என்றதும்தான் படகில் கால் வைத்தார். கனி இறங்குதளத்தில் நின்று கையசைத்தாள். ஜெசிந்தாவும் அசைத்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்த நிம்மதி அவளுக்கு.

படகு பத்து நிமிடம் ஓடியிருக்கும். இசக்கிதுரை மிதவையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில திரும்பிறலாமா மேடம்?"

"அவசரம் இல்ல அண்ணாச்சி. வீட்டுல நாலு நாள் இருங்க. நல்லாத் தூங்குங்க." அவள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி குரலை மெதுவாக வைத்துக்கொண்டாள். "ஒரு மாசமா நீங்க சரியாச் சாப்பிடலையாமே, தூங்கலையாமே?"

"யாரு சொன்னா?"

"உங்கமேல அக்கறை உள்ளவங்க சொன்னாங்க."

"கனியா?" அவர் முகம் மாறியது. "கனியா சொன்னா? மேடம், நான் எங்க தூங்குதது? அந்தப் புள்ளையப் பாத்துக்கிட்டுல்லா கெடக்கேன். அது சாப்பிடாம தட்ட ஒதுக்கும், நானும் எந்திச்சுப் பின்னால போவேன். அது கம்பி ஓரமாப் போயி நிக்கும், நானும் போயி நிப்பேன். ஒரு மாசமா அதான் என் சோலி. மூணு நாளா எம்மேல எரிஞ்சு விழுந்துச்சு, ஏன் நிழல் மாதிரி வாறீயன்னு. இன்னைக்கு மத்தியானம் திடீர்னு சிரிச்சுச்சு. சரி, தெளிஞ்சிட்டுன்னு நெனச்சுத்தான் படகுல ஏறுனேன்."

ஜெசிந்தா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, கம்பி ஓரம் நிற்கிறார். அவரைப் பற்றிக் கனி சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

"அவ எண் பொய்தானே? எல்லாரும் மனப்பாடமாத்தானே தட்டுதீங்க?" என்றாள்.

"நாங்க தட்டுதோம். கனி தட்டாது. அது நின்னு ஒவ்வொண்ணா வாசிக்கும். பின்னால நிக்கவன்லாம் முனங்குவான்."

ஜெசிந்தா பையைத் திறந்து சோதனைத் தாள்களை எடுத்தாள். பத்துத் தாள்தான் பார்த்திருந்தாள். மீதி இருநூற்றிரண்டை யார் பார்த்தார்கள்? சோற்றுக்குச் சரி. அரிசி எல்லாம் ஒரே வயலில் விளைந்தது. நூற்று முப்பத்தேழாவது தாள், சண்முகக்கனி.

பழைய தாளில் முதல் கேள்வி அழுகையைப் பற்றியது. கனியின் பதில் மூன்று. கலைத்த தாளில் அழுகை ஒன்பதாவது இடத்தில் இருந்தது. ஒன்பதாவது இடத்தில் மூன்று. தூக்கம் ஐந்தாவதிலிருந்து முதலாவதுக்கு வந்திருந்தது, அதனுடைய இரண்டும் கூடவே வந்திருந்தது. "இனி இருந்து என்ன என்று தோன்றியதா?" என்பது பதினொன்றிலிருந்து நான்காவதுக்கு வந்திருந்தது. அங்கேயும் மூன்று. பன்னிரண்டு பதிலும் தத்தம் கேள்வியின் பின்னாலேயே போயிருந்தன.

மூன்று வருடமாக அந்த எண் மாறாமல் இருந்ததற்குக் காரணம் மனப்பாடம் இல்லை.

"படகத் திருப்புங்க" என்றாள். படகோட்டி புரியாமல் பார்த்தார். "திருப்புங்க, திருப்புங்க" என்று கத்தியவர் இசக்கிதுரை.

அவள் அதற்குள் கோமதிநாயகத்தை வயர்லெஸ் கருவியில் பிடித்துவிட்டாள். "சார், கனி எங்க இருந்தாலும் போயி பக்கத்துல உக்காருங்க. ஓடுங்க. கேள்வி ஒண்ணும் கேக்காதீங்க. கையப் பிடிச்சுக்கிட்டாலும் தப்பில்ல. நான் வாற வரைக்கும் எந்திரிக்காதீங்க."

அந்த மனிதர் ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் இரும்புத் தளத்தில் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. இசக்கிதுரை இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். காவலுக்கு நின்றவரை அப்புறப்படுத்தத் தன்னை ஏமாற்றிவிட்டாளே என்று ஜெசிந்தாவுக்கு ஒரு விநாடிகூடக் கோபம் வரவில்லை. ஊரையே சந்தேகப்பட்டவள், தன் கணிப்புக்குப் பொருத்தமாகப் பேசியவளை மட்டும் நம்பினாள். அதுதான் நெஞ்சை அறுத்தது. நான்கு நிமிடம் கழித்துக் கருவியில் மூச்சிரைப்பு கேட்டது.

"இருக்கு மேடம். இறங்குதளத்துலதான் உக்காந்திருக்கு. பக்கத்துல உக்காந்துட்டேன்."

அந்தக் கடல் நடுவே ஜெசிந்தா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

படகு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கனி கடைசிப் படியில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கோமதிநாயகம், மடிப்புக் கலையாத சட்டை வேர்வையில் நனைந்திருக்க, அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிடிக்கத் தெரியாமல், கைதியைப் பிடித்த மாதிரி பிடித்திருந்தார். இசக்கிதுரை குதித்து இறங்கி அவளுக்கு மறுபக்கம் வந்து உட்கார்ந்தார்.

ஜெசிந்தா இரண்டு படி கீழே, தண்ணீர் தொடுகிற இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா திரும்பி வந்தீய?" என்றாள் கனி. குரலில் மத்தியானத்துச் சிரிப்பு துளியும் இல்லை.

"உன் தாள இப்பத்தான் படிச்சேன்."

கனி தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

"மூணு வருசமா எல்லாத் திங்கக்கிழமையும் உள்ளதத்தான் தட்டுனேன்" என்றாள். "எல்லாவனும் பொய் சொன்னான், எனக்கு அதுல பொய் சொல்ல வரல. மொதல்லலாம் யாராவது வருவாவன்னு பாத்துக்கிட்டு இருப்பேன். ஒருத்தரும் வரல. வாளிதான் வந்துச்சு."

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆறு மாதப் பயிற்சியில் இதற்கு ஒரு வாக்கியமும் சொல்லித் தரவில்லை. ஜெசிந்தா படகோட்டியைப் பார்த்து, இன்றைக்குப் போகவில்லை என்று கையால் காட்டினாள். அவர் இயந்திரத்தை அணைத்தார்.

"நான் வந்துட்டேன்" என்றாள். "தாள் கொண்டு வரல. நீ சொல்லு, கேக்குதேன்."

இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் நகரவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பிறகு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவள் போல, கனி தன் கணவனின் பெயரைச் சொன்னாள்.